ஆர்க் விளக்கும் சித்தப்பாவின் கண்களும்

திரைப்படத்தைப் பற்றி நம் சிற்றிதழ்களில் எழுதப்பட்டவை ஏராளம். இயக்குநர்களைப் பற்றி எழுதியிருக்கிறோம், ஒளிப்பதிவாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறோம், எந்தப் படம் கலை எது வணிகம் என்று பக்கம் பக்கமாகச் சண்டையும் போட்டிருக்கிறோம். அந்தப் படங்களெல்லாம் திரையில் வந்து விழுவதற்குக் காரணமாக இருந்த விளக்கைப் பற்றி நம்மில் யாரும் அதிகம் எழுதியதாகத் தெரியவில்லை. 1913இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எழுந்த கொட்டகைக்கு எலெக்ட்ரிக் தியேட்டர் என்றே பெயர் வைத்தார்கள். மின்விளக்கே அன்று பார்க்கத் தகுந்த அதிசயமாக இருந்திருக்க வேண்டும். அதற்கும் முன்னால், 1905இல், சாமிக்கண்ணு வின்சென்ட் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக்கொண்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்ததைச் சினிமா வரலாற்று நூல்கள் எல்லாம் சொல்கின்றன. அந்தக் கருவியின் பின்னால் நின்று விளக்கைப் பார்த்துக்கொண்டவர் யார் என்பதை அவை சொல்வதில்லை.

எங்களுக்கு அப்படி ஒருவரைத் தெரியும். எங்கள் சித்தப்பா. அருப்புக்கோட்டையிலிருந்து பேருந்தில் முக்கால் மணி நேரத் தொலைவிலிருந்த சிற்றூரின் ஒரே கொட்டகையில் அவர் ஆபரேட்டர். அரசு உரிமம் பெற்றவர். அந்த உரிமத்தைச் சட்டம் போட்டுக் கேபின் சுவரில், விநாயகர் படத்துக்கு அடுத்தாற்போல மாட்டியிருந்தார். எங்கள் தந்தையார் வெளியூரில் வேலையில் இருந்ததால் நாங்கள், அதாவது உடன்பிறந்தார் மூவர், சித்தப்பா வீட்டில் வளர்ந்தோம். 1986 முதல் 1995 வரை, பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுப்பாடங்களின் பெரும்பகுதி அந்தக் கேபினில்தான் எழுதப்பட்டது. வெளியார் உள்ளே வரக்கூடாது என்ற விதி கதவிலேயே எழுதியிருந்தது. பிள்ளைகள் வெளியார் அல்லர் என்பது சித்தப்பாவின் வியாக்கியானம்.

கார்பன் விளக்கு எரிவதைப் பார்க்காதவர்களுக்காக அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இரும்புக் கூண்டு ஒன்று. அதனுள் பின்புறம் குழிந்த கண்ணாடி, அகலமான தாம்பாளம் அளவு. கண்ணாடியின் நடுத்துளை வழியாக ஒரு கரிக்குச்சி வரும். எதிர்ப்புறமிருந்து செப்புப்பூச்சுப் பூசிய இன்னொரு குச்சி வரும். முன்னது எதிர்மின் முனை, பின்னது நேர்மின் முனை. இரண்டையும் ஒருகணம் முட்டவிட்டுப் பிரித்தால் இடையில் மின்சாரம் தாவி நிற்கும். வோல்ட் என்று பார்த்தால் முப்பது நாற்பதுதான். ஆம்பியரோ ஐம்பதுக்குக் குறையாது. நேர்மின் குச்சியின் நுனி எரிந்து சிறு குழியாகிவிடும். அந்தக் குழியின் வெப்பம் 3,500 பாகை செல்சியஸுக்கும் மேல். பேரொளி வருவது அங்கிருந்துதான். கடுகளவு பெரிதான அந்தக் குழியின் ஒளியைக் கண்ணாடி வாங்கித் திரட்டிப் படச்சுருளின் மேல் குவிக்கிறது. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் எங்கள் ஊரில் அந்தக் குழியிலிருந்துதான் புறப்பட்டு வந்தார்கள்.

சிக்கல் என்னவென்றால் குச்சிகள் இரண்டும் கரைந்துகொண்டே இருக்கும், அதுவும் ஒரே வேகத்தில் அல்ல. நேர்மின் குச்சி விரைவாகவும் மற்றது மெதுவாகவும் தேயும். தேயத் தேய அவற்றை முன்தள்ள ஒரு சிறு மோட்டார் உண்டு. ஆனால் மோட்டாருக்குக் கண் கிடையாது. வோல்டேஜ் இறங்கினால் குச்சி மெல்ல எரியும், மோட்டார் பழைய வேகத்திலேயே தள்ளிக்கொண்டிருக்கும், இடைவெளி குறையும், விளக்கு பாம்பு போலச் சீறத் தொடங்கும். இடைவெளி கூடினால் சுடர் நீண்டு வால் விட்டு ஆடும், திரை மங்கும், இன்னும் கூடினால் அணைந்தே போகும். பிறகு கொட்டகையில் எழும் சீழ்க்கையையும், ஆபரேட்டரின் குலத்தைக் குறித்த ஆராய்ச்சியையும் இங்கே எழுத இயலாது.

கூண்டின் பக்கவாட்டில் ஓர் ஊசித்துளை. அதன் வழியே எரியும் குச்சிகளின் நிழலுரு தலைகீழாக ஓர் அட்டையின் மேல் விழும். அட்டையில் இரண்டு கோடுகள். குச்சி நுனிகள் அந்தக் கோடுகளில் நிற்க வேண்டும். கேபினுக்குள் ஓடிக்கொண்டிருந்த இன்னொரு சினிமா அது. கதாபாத்திரங்கள் இருவர், நெருங்கவும் கூடாது, விலகவும் கூடாது. எங்களில் கடைக்குட்டிக்கு வெளியே ஓடும் படத்தைவிட இதுதான் பிடிக்கும்.

பிற்காலத்தில் எங்களில் ஒருவர் தமிழ் படித்துக் கல்லூரியில் நெடுநல்வாடை நடத்தும் நிலை வந்தது. அரண்மனையில் யவனர் செய்த பாவை கையில் அகல் ஏந்தி நிற்பதை நக்கீரர் சொல்லும் இடம் எல்லோரும் அறிந்தது. அகல் நிறைய நெய் வார்த்துப் பருத்த திரியிட்டதைச் சொன்னவர் அதோடு நில்லாமல், ஒளி குன்றும்போதெல்லாம் திருத்தித் திருத்தி எரியவிட்டதையும் சொல்கிறார். மாணவர்கள் யவனரையும் பாவையையும் குறித்துக்கொள்வார்கள். தேர்வில் கேட்கப்படுவது அதுதான். எங்களுக்கோ அந்தத் திருத்துகிற கை யாருடையது என்பதில்தான் மனம் போய் நிற்கும். சோழர் கல்வெட்டுகளிலும் இப்படித்தான். நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் விட்டவனின் பெயர், அவன் தந்தையின் பெயர், ஊர் எல்லாம் கல்லில் இருக்கும். அந்த ஆடுகளுக்குச் சாவா மூவாப் பேராடு என்று அழகான பெயரும் உண்டு.

சித்தப்பாவின் வைத்தியமுறைக்கு வருகிறோம். விளக்கின் கோளாறுகளை அவர் மூன்று வழிகளில் கண்டுபிடிப்பார்: காதால், திரையின் நிறத்தால், கைக்கடிகாரத்தால்.

காதால் அறிவது எளிது. சீறினால் இடைவெளி குறைவு. படபடவென்று பொரிந்தால் குச்சியில் ஈரம். ஐப்பசி கார்த்திகையில் கார்பன் பெட்டியைத் திறந்து அன்றைக்கு வேண்டிய குச்சிகளை எடுத்து, எரிந்துகொண்டிருக்கும் கூண்டின் தலையில் வரிசையாக அடுக்கிவிடுவார். அடுத்த ரீலுக்குள் காய்ந்துவிடும். சீறலும் இல்லாமல் பொரிதலும் இல்லாமல் ஒளி விட்டுவிட்டு வந்தால் குச்சியைக் கவ்வும் தாடையில் கரி ஏறியிருக்கிறது என்று பொருள். ஐம்பது ஆம்பியர் ஓடும் இடத்தில் சிறிது அழுக்கும் சூடாகும். காட்சி முடிந்ததும் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பது எங்கள் வேலை. கண்ணாடியை மட்டும் எங்களைத் தொடவிட மாட்டார். குச்சியைப் பற்றவைக்கும்போது தெறிக்கும் பொறி அதில் அம்மைத் தழும்பு போலக் குழியிடும். சூடாக இருக்கையில் ஈரத்துணி பட்டால் விரிசல் விடும். அதன் விலை அவருடைய பல மாதச் சம்பளம்.

கைக்கடிகாரம் எதற்கென்றால், திரை ஒரே சீராகத் துடிக்கும் நோய் ஒன்று உண்டு. மங்கும், தெளியும், மங்கும். சித்தப்பா கடிகாரத்தின் நொடிமுள்ளைப் பார்த்துக்கொண்டு துடிப்பை எண்ணுவார். “ரெண்டுன்னா உள்ள, நாலுன்னா வெளிய” என்பது அவர் சூத்திரம். நொடிக்கு இரண்டு துடிப்பு என்றால் கோளாறு ரெக்டிஃபையருக்குள். நான்கு என்றால் வெளியே, ஃபியூஸ் கட்டையிலோ கம்பத்திலோ. இது எப்படிச் சரியாகிறது என்பது அவருக்குத் தெரியாது. அவருக்குத் தொழில் கற்பித்தவர் சொன்னது. பல ஆண்டுகள் கழித்து எங்கள் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஒருவர் தேநீர்க்கடையில் ஒரு சிகரெட் அட்டையின் பின்புறத்தில் அதைக் கணக்காக்கிக் காட்டினார். படம் நொடிக்கு 24 சட்டங்கள். ஷட்டர் ஒவ்வொன்றையும் இருமுறை காட்டும். ஆக நொடிக்கு 48 முறை திரையில் ஒளி விழுந்து மறைகிறது. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. மூன்று ஃபேஸும் ஒழுங்காக வந்தால் ரெக்டிஃபையரிலிருந்து வரும் மின்சாரத்தின் நடுக்கம் நொடிக்கு 300. அதைக் கண் அறியாது. உள்ளே ஒரு டயோடு செத்தால் 50இன் நடுக்கம் அதில் ஏறிவிடும். 50இல் 48 போக மிச்சம் இரண்டு. ஒரு ஃபேஸே போய்விட்டால் 100இன் நடுக்கம், 48இன் இரட்டிப்பு 96, மிச்சம் நான்கு. கணக்கைக் கேட்டபோது எங்களுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஊருக்குத் திரும்பிச் சித்தப்பாவிடம் விளக்கினோம். “அதான் சொன்னேன்ல, நாலுன்னா வெளிய” என்றார்.

இனி நிறம். நேர்மின் குச்சியின் குழி கண்ணாடியிலிருந்து இருக்க வேண்டிய தொலைவில் சற்றே முன்பின்னாகிவிட்டால் திரையின் வெண்மை கெட்டுவிடும். ஒரு பக்கம் போனால் பழுப்பேறும், மறுபக்கம் போனால் நீலம் படரும். நீலம் முதலில் மெலிதாக, சலவைக்காரர் சொட்டுநீலம் கூடப் போட்டுவிட்ட வேட்டியைப் போலத்தான் தெரியும். அப்போதே குமிழைத் திருகிச் சரிசெய்துவிட வேண்டும். நல்ல ஆபரேட்டர் என்பவர் பார்வையாளருக்குத் தெரிவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்பவர்.

1990இல், எங்களில் மூத்தவருக்குப் பதின்மூன்று வயதிருக்கும், ஒரு நாள் சித்தப்பா ரீல் மாற்றிவிட்டு வந்து சாதாரணமாகக் கேட்டார்: “நீலம் இருக்கா, பாருங்கப்பா.” இருந்தது. நன்றாகவே இருந்தது. குமிழைத் திருகினார். “இப்ப?” போய்விட்டது என்றோம். மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும். முதலில் எங்களுக்குத் தொழில் கற்றுத்தருகிறார் என்றே எண்ணிப் பெருமைப்பட்டோம். கேபின் அட்டையிலிருந்த மெல்லிய பென்சில் கோடுகளின் மேல் அவர் தடித்த சிவப்பு மையால் கோடு இழுத்த அன்றுதான் எங்களுக்குப் புரிந்தது.

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சர்க்கரை நோய் வந்து நான்கைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்புரைக்குச் சர்க்கரை காரணமா, இருபது ஆண்டுகள் ஆர்க் ஒளியில் நின்றது காரணமா என்று பிற்பாடு பார்த்த மருத்துவர் எதையும் அறுதியிட்டுச் சொல்லவில்லை. கருப்புக் கண்ணாடி வைத்த சின்ன ஜன்னல் வழியாகத்தான் சுடரைப் பார்க்க வேண்டும் என்பது முறை. ஆனால் குச்சி அணைந்து, கொட்டகை கத்தும்போது கதவைத் திறந்து வெறுங்கண்ணோடு பற்றவைத்த நாட்கள் எத்தனையோ. அந்த இரவுகளில் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். சித்தி வெள்ளரிக்காயை வட்டமாக அரிந்து இமைமேல் வைத்துவிடுவார். காலையில் சரியாகிவிடும்.

புரை விழுந்த கண்ணின் வில்லை பழுப்பேறிவிடுவதால் அது முதலில் இழப்பது நீலத்தைத்தான் என்று இப்போது படித்துத் தெரிந்துகொண்டிருக்கிறோம். பழுப்பை அவர் கண்டுபிடித்துவிடுவார். நீலம் அவருக்குத் தெரியாது. ஊரில் உரிமம் எடுத்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த இளைஞர்கள் இருந்தனர். முதலாளியும் இரக்கத்துக்குப் பெயர் பெற்றவர் அல்லர். ஆகவே ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், மாலைக் காட்சிகளிலும் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சிகளிலும், எங்கள் மூவரில் ஒருவர் முறைவைத்துக் கேபின் துவாரத்தின் முன் முக்காலியில் உட்கார்ந்திருந்தோம். இதைச் சித்திக்குக்கூடச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்று அவரும் எங்களிடம் சொன்னதில்லை. இரவுக் காட்சிக்கு எங்களை அனுமதிக்க மாட்டார். அப்போது ஆம்பியர் மீட்டரையும் சிவப்புக் கோட்டையும் காதையும் நம்பி ஓட்டினார். எங்கள் ஊர் இரவுக் காட்சி ரசிகர்கள் அந்த ஆண்டுகளில் சற்று நீலமான ரஜினிகாந்தைப் பார்த்திருக்கக்கூடும். யாரும் புகார் சொன்னதாக நினைவில்லை.

கல்லூரி நாட்களில் திரைப்படச் சங்கத்தில் 1988இல் வந்த சினிமா பாரடைசோவைத் திரையிட்டார்கள். கிழட்டு ஆபரேட்டர் தீவிபத்தில் பார்வை இழக்கும் இடத்தில் அரங்கு உறைந்திருந்தது. அது நைட்ரேட் சுருள் காலத்துத் தீ; 1950களின் தொடக்கத்திலேயே அந்தச் சுருளின் உற்பத்தி நின்று, எளிதில் பற்றாத சுருள் வந்துவிட்டது. எங்கள் சித்தப்பாவுக்கு நேர்ந்ததில் காட்சிப்படுத்தத் தக்கதாக எதுவும் இல்லை. படம் நல்ல படம்தான். ஆனாலும் அழுகையை இவ்வளவு எளிதாக வாங்கிவிடுகிற படங்களின்மேல் எங்களுக்குச் சிறு சந்தேகம் உண்டு.

1995இல் முதலாளி கார்பனை விட்டு செனான் விளக்குக்கு மாறினார். ஜெர்மனியில் 1950களிலேயே வந்துவிட்ட பொருள், எங்கள் ஊருக்கு வந்து சேர நாற்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. சித்தப்பாவுக்கு அது பிழைப்பைக் காத்த விளக்கு. குச்சி தள்ள வேண்டாம், இடைவெளி பார்க்க வேண்டாம், ஒருமுறை இடம் பார்த்துப் பூட்டிவிட்டால் நிறம் மாறாது. எங்கள் முக்காலி காலியாயிற்று.

ஆனால் இதற்கும் நோய்கள் உண்டு. குவார்ட்ஸ் குமிழுக்குள் செனான் வாயுவை, எரியாமல் இருக்கும்போதே பல மடங்கு காற்றழுத்தத்தில் அடைத்திருப்பார்கள். எரியும்போது அது மேலும் சில மடங்கு ஏறும். விரல் பட்டால் விரலின் எண்ணெய் சூட்டில் குவார்ட்ஸில் படிந்து அதைக் கெடுக்கும்; ஆகவே கையுறை. முகத்துக்குக் கவசம். கழற்றும்போது முழுதும் ஆறியிருக்க வேண்டும். காட்சி முடிந்தும் விசிறி கால் மணி நேரமாவது சுழல வேண்டும். நேர், எதிர் முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் பல்பு சில நொடிகளில் பாழ். பற்றவைக்கும்போது இக்னைட்டர் ஆயிரக்கணக்கான வோல்ட்டை ஒருகணம் பாய்ச்சும். அந்தக் கணத்தில் ரெக்டிஃபையரும் தன் பங்குக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் வோல்ட் கொடுத்தாக வேண்டும். கோடையில் சுற்றுவட்டாரப் பம்புசெட்டுகள் எல்லாம் ஓடும் நேரத்தில் அந்தக் கூடுதல் வராது. டிக் டிக் என்று இக்னைட்டர் அடித்துக்கொண்டே இருக்கும், விளக்கு பிடிக்காது. புதிதாய் வந்த மெக்கானிக்குகள் பல்பின்மேல் பழி போடுவார்கள். சித்தப்பா ஸ்டெபிலைசரைப் பார்ப்பார்.

பெரிய நோய் முதலாளியிடத்தில் இருந்தது. கார்பனுக்கு அன்றன்று காசு எண்ணிக் கொடுத்தாக வேண்டியிருந்தது. குச்சி இல்லையேல் காட்சி இல்லை. பல்புக்கு மொத்தமாகப் பணம் போட வேண்டும், அதுவும் அது எரிந்துகொண்டிருக்கும்போதே மாற்றச் சொன்னால் யாருக்கு மனம் வரும்? ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் மணி என்று குறித்த ஆயுள் கடந்தும் ஓட்டினார்கள். முனையின் உலோகம் ஆவியாகிக் குமிழின் உட்சுவரில் கருப்பாகப் படியும். முனை மழுங்கியதும் சுடர் இடம் மாறி மாறி அலையும், திரை நெளியும். ஒளி குறைவது நாளுக்கு நாள் சிறிது சிறிதாக என்பதால் யாருக்கும் தெரிவதில்லை. பாதி ஆயுளில் பல்பை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தால் தேய்மானம் சமமாகும். சித்தப்பா அதைத் தவறாமல் செய்து, மணிக்கணக்கை ஒரு நோட்டில் எழுதிவந்தார். மாற்ற வேண்டிய நாளைச் சிவப்பில் எழுதி முதலாளியிடம் கையெழுத்தும் கேட்டார். அவர் போடவில்லை.

1998இல் மதுரையில் சித்தப்பாவுக்கு வலக்கண்ணில் அறுவை நடந்தது. ஒரு மாதம் கழித்து வேலைக்குப் போனவர் முதல் ரீலிலேயே பதறிவிட்டார். திரை முழுக்க நீலம். விளக்கை முன்னே தள்ளினார், பின்னே இழுத்தார், கண்ணாடியைத் துடைத்தார். விடுமுறைக்கு வந்திருந்த எங்களை ஆள் அனுப்பி வரவழைத்தார். “நீலம் இருக்கா?” இல்லை என்றோம். சுத்தமான வெள்ளை. நம்பவில்லை. பிறகு எங்களில் மருந்தாளுநர் படிப்புப் படித்துக்கொண்டிருந்தவர் சொல்லவே, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடித் திரையைப் பார்த்தார். மறுகண்ணை மூடிப் பார்த்தார். இடக்கண்ணுக்குத் திரை தேநீர் நிறம். வலக்கண்ணுக்கு நீலம் கலந்த வெண்மை. வெகுநேரம் மாற்றி மாற்றி மூடிக்கொண்டிருந்தார். “இத்தன வருசமா இதத்தான் நீங்க பாத்துட்டிருந்தீங்களா” என்று கேட்டார். அன்று ரீல் மாற்றும் மணியடித்தும் அவர் நகராததால், இரண்டாவது மெஷினை எங்களில் மூத்தவர்தான் ஓட்டிவிட்டார்.

2006இல் ஒரு பொங்கல் வாரத்தில், ஆயுள் முடிந்து எழுநூறு மணி கடந்திருந்த பல்பு காட்சியின் நடுவே வெடித்தது. கூண்டின் கதவு மூடியிருந்ததால் யாருக்கும் காயமில்லை. கண்ணாடி தூளாயிற்று, அதன் விலை பல்பின் விலையைவிட அதிகம். கொட்டகை வெடிகுண்டு என்று நினைத்து வெளியே ஓடியது. முதலாளி கேபினுக்கு ஏறி வந்து சத்தம் போட்டபோது சித்தப்பா அந்த நோட்டைத் திறந்து கையெழுத்து இல்லாத இடத்தைக் காட்டினாராம். அதற்குப் பிறகு பல்பு நேரத்துக்கு மாற்றப்பட்டது என்று சொல்ல ஆசை. ஒரே ஒருமுறை மாற்றப்பட்டது.

2011இல் டிஜிட்டல் வந்தது, சித்தப்பா விலகிக்கொண்டார். 2016இல் கொட்டகையே மூடப்பட்டுக் கல்யாண மண்டபம் கட்ட விலைபோயிற்று. மெஷின்களைப் பழைய இரும்புக்கு எடைபோட்டு எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எங்களில் அருகிலிருந்தவரைத் தொலைபேசியில் அழைத்து, உடனே வரச்சொன்னார். மெஷினைக் காப்பாற்றப் போகிறார் என்றே நினைத்தோம். அவர் மெஷின்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. கேபின் பரணில், தீர்ந்துபோன செனான் பல்புகள் மூன்று அவற்றின் அட்டைப்பெட்டிகளிலேயே இருந்தன. எரியாவிட்டாலும் உள்ளே அழுத்தம் இருக்கும். பழைய இரும்புக்கடையில் வேலைபார்க்கும் பையன்கள் செம்புக்கும் பித்தளைக்கும் ஆசைப்பட்டுச் சுத்தியலை எடுப்பார்கள். முகக்கவசத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகக் கட்டிச் சாக்குக்குள் வைத்துக் கட்டினார். பையன்களைக் கொட்டகைக்கு வெளியே சாலைக்கு அனுப்பிவிட்டு, கேபின் படிக்கட்டின் உச்சியிலிருந்து காலியான சைக்கிள் ஸ்டாண்டில் ஒவ்வொன்றாகப் போட்டார். இரண்டு உடனே வெடித்தன. மூன்றாவது வெடிக்கவில்லை. எழுபதை நெருங்கிய மனிதர் கீழே இறங்கி, சாக்கை எடுத்துக்கொண்டு, மறுபடி படியேறினார்.